சரளா கேட்ட அவகாசம்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஆயிரம் துண்டில் ஒன்றைக் காணோம். நூலகத் தரைத்தளத்தில் போட்ட ஜிக்சா மேஜையில், வருகிற போகிற மாணவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு வைத்து வைத்து, ஒரு மாதத்தில் கலங்கரை விளக்கமும் கடலும் முழுசாக வந்துவிட்டது. விளக்கின் நடு ஜன்னல் மட்டும் ஓட்டை. ஷ்ரேயா மேடத்துக்கு முகமே விழுந்துவிட்டது.

அவர்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். என்னைவிட மூன்று வயது இளையவர். வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து விதைப் பரிமாற்றம், காகித மடிப்பு, தலைப்பு தெரியாமல் உறை போட்ட புத்தகத்தை எடுத்துப்போவது என்று வாரம் ஒரு கூத்து. நூலகம் என்றால் வாயை மூடிக்கொண்டு படிக்கிற இடம் என்று ஆரணியில் கற்றுக்கொண்டு வந்தவள் நான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது காலையில் பையை வைத்ததும் நேரே ஜிக்சா மேஜைக்குத்தான் போகிறேன். வெட்கக்கேடு.

இந்தக் கூத்துகளைப் பற்றிச் செய்தி எழுதுவதும் என் தலையில். மாதம் ஒரு தாள். லிஃப்டுக்குள் ஒட்டுவோம். நான்கு மாடி ஏறி முடிக்கும்வரை மாணவர்கள் வேறு எதைப் படிப்பார்கள்? கன்னடமும் ஆங்கிலமும் ஃபிராங்க்ளின் சார் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு.

7 ஆகஸ்ட், வியாழன்

துண்டு கிடைத்துவிட்டது! துப்புரவு வேலை பார்க்கும் சரளா, குப்பை உறிஞ்சும் மெஷினின் பையை வெளியே கொட்டிக் கிளறியிருக்கிறாள். புழுதித் தலையோடு வந்து, "இது நிம்தா மேடம்?", உங்களுடையதா என்று உள்ளங்கையை நீட்டினாள். மஞ்சள் ஜன்னல். நான் கத்திய கத்தில் வாசிப்பு அறையிலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். நூலகரைப் பார்த்தே உஷ்!

மதியம் சரளாவோடுதான் சாப்பாடு. ஊழியர் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொடுகிறது என்று மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார ஆரம்பித்தேன். அது அவள் இடம். அவள் தும்கூர்ப் பக்கம், தமிழ் வராது. எனக்குக் கன்னடம் அரைகுறை. ஆனால் என்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. தமிழில் 'ப' வருகிற இடத்தில் 'ஹ' போட்டுவிட்டால் கன்னடம் தயார். பாலு, ஹாலு. பல்லு, ஹல்லு. பூ, ஹூ. ஐந்து வருஷமாக இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் பெங்களூரில் குப்பை கொட்டுகிறேன்.

இன்று ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து காட்டினாள். புத்தகங்களுக்குள்ளிருந்து விழுந்தவையாம். ஹால் டிக்கெட், பஸ் பாஸ், காய்ந்த மல்லிகைச் சரம், பாஸ்போர்ட் போட்டோ, பாதி எழுதிய கடிதம். எது எந்த அலமாரியில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்கிறாள். இதெல்லாம் எதற்கு, தூக்கிப் போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிட்டாள்.

நாளை வரமகாலட்சுமி பண்டிகை. சரளாவின் மகள் லாவண்யா பிடிவாதம் பிடித்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுக்க வைத்திருக்கிறாளாம்.

செய்தித் தாளுக்கு எழுதியது: "காணாமல் போன ஆயிரமாவது துண்டு கிடைத்தது. கலங்கரை விளக்கில் வெளிச்சம் வந்தது." இரண்டாவது வரி எனக்கே பிடித்திருக்கிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

ஷ்ரேயா மேடத்தின் அடுத்த கூத்து: மனிதப் புத்தகம். புத்தகத்துக்குப் பதிலாக ஒரு ஆளை இருபது நிமிஷம் இரவல் எடுக்கலாம். எதிரே உட்கார்ந்து அவர் கதையைக் கேட்கலாம், கேள்வி கேட்கலாம். அடித்துத் திருத்தக் கூடாது, கிழிக்கக் கூடாது என்று விதிமுறையில் எழுதியிருக்கிறார். வருகிற 22ஆம் தேதி மூன்று மணிக்கு. யார் வேண்டுமானாலும் புத்தகமாகலாம். பேராசிரியர், மாணவர், ஊழியர், எல்லோரும். பட்டியல் என் பொறுப்பு.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். புத்தகம் கொடுத்து வாங்கும் கோவிந்தப்பா சார், "யோசிக்கணும்மா, வியாழக்கிழமை சொல்றேன்" என்றார். சரி, நிதானமாக யோசியுங்கள் என்றேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த சரளா நிமிர்ந்து, "நனகூ ஒந்து அவகாஷ கொடி மேடம்" என்றாள். அவளுக்கும் யோசிக்க அவகாசம் வேண்டுமாம்! மற்றவர் கேட்டதும் இவளுக்கும் ஆசை. "எஷ்டு பேக்காத்ரூ தகொள்ளி" என்றேன், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று. முகமெல்லாம் பல். என் கன்னடம் தேறிவிட்டது.

14 ஆகஸ்ட், வியாழன்

கோவிந்தப்பா சார் பெயர் கொடுத்தார். தலைப்பு: 'தாமதமாகத் திருப்பித் தருபவர்கள் சொன்ன சாக்குகள், முப்பது வருஷம்'. இது ஒன்றுக்கே கூட்டம் அள்ளும். ஒரு பேராசிரியர் இழுத்தடிக்கிறார், இரண்டு தடவை போன் போட்டேன். சரளா ஒன்றும் சொல்லவில்லை. கூச்சமாக இருக்கும். பட்டியலை முடித்து அனுப்பிவிட்டேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சரளா இன்றைக்கு மூன்று தடவை கேட்டுவிட்டாள், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று. "மூணு கண்டெ. ஒன்றரைக்கே துடைத்து முடித்துவிடுங்கள், தரை காய வேண்டும்" என்றேன். ஆய்து மேடம், ஆய்து மேடம் என்று தலையாட்டினாள். இவளுக்கு என்ன இத்தனை பரபரப்பு?

22 ஆகஸ்ட், வெள்ளி

கால் கழன்றுவிட்டது. ஆனால் நிறைவு. ஒன்பது மனிதப் புத்தகங்கள், நாற்பத்தொரு வாசகர்கள். கோவிந்தப்பா சார் சுற்றி ஒரே சிரிப்பு. "என் புத்தகத்தை மாடு தின்னுடுச்சுன்னு ஒருத்தன் மாட்டோட போட்டோவைக் கொண்டுவந்தான்" என்று சொல்லும்போது ஷ்ரேயா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரளா மூன்று மணிக்கு வந்தாள், மாம்பழப் பட்டில். தலை நிறைய மல்லிகை, கையில் அந்த ஐஸ்கிரீம் டப்பா. கூடவே மகள், கல்லூரி அடையாள அட்டையைக் கூடக் கழற்றாமல். கல்யாணத்துக்கா என்று கேட்டேன். சிரித்தாள். அதற்குள் எவனோ ஒருவன் வாசலில் காபியைத் தட்டிவிட்டான். எனக்கு டென்ஷன். "சரளா, சொல்ப ஒரெசி பிடி" என்றேன், கொஞ்சம் துடைத்துவிடச் சொல்லி.

ஒரு நொடி என்னையே பார்த்தாள். டப்பாவை மகளிடம் கொடுத்தாள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து துடைத்தாள். மகள் பட்டியல் ஒட்டிய பலகை முன்னால் நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் இல்லை. எங்கேயோ விசேஷத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

சரளா வரவில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

புது ஆள். பெயர் ரத்தினம்மாள், வீடு நீலசந்திராவில். தமிழ்தான். சரளா எங்கே என்றேன். "அது ஹாஸ்டல் பிளாக்குக்குப் போயிடுச்சும்மா. சூப்பர்வைசர்கிட்ட அதுவே கேட்டு வாங்கிக்கிச்சாம்."

கேட்டு வாங்கினாளா? ஹாஸ்டலில் நாலு மாடி, நாற்பது பாத்ரூம். அதைப் போய் யாராவது கேட்டு வாங்குவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பதினோரு மாசம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோமே. நான் என்ன பண்ணேன்?

படிக்குக் கீழே அவள் உட்காரும் அட்டை அப்படியே கிடக்கிறது.

2 செப்டம்பர், செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

அடுத்த மனிதப் புத்தக நாள் 19ஆம் தேதி. செய்தித் தாளுக்குத் தமிழில் எழுதிக்கொடுத்தேன்: "பெயர் கொடுக்க 12ஆம் தேதி வரை அவகாசம் உண்டு." ஃபிராங்க்ளின் சார் அதைக் கன்னடமாக்கிக்கொண்டிருந்தார். லிங்கராஜபுரத்தில் மூன்று தலைமுறை, அவருக்கு இரண்டு மொழியும் இரண்டு கை. திடீரென்று சிரித்தார்.

"இன்னாம்மா, உன் 'அவகாச'த்தை நான் அப்படியே கன்னடத்துல போட்டா அர்த்தமே வேற ஆயிடும்."

"ஏன் சார், அதே வார்த்தைதானே?"

"வார்த்தை அதேதான். அங்க அவகாஷன்னா சான்ஸ்மா. வாய்ப்பு. டைம் இல்ல. டைமுக்கு வேற சொல்வாங்க."

அன்று கவுன்ட்டர் பக்கத்தில் சரளா சொன்னதை மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

நனகூ ஒந்து அவகாஷ கொடி மேடம். எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் மேடம்.

நான் என்ன சொன்னேன்? எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று. அதனால்தான் முகமெல்லாம் பல். அதனால்தான் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை. அதனால்தான் பட்டுப்புடவை, டப்பா, மகள். அந்தப் பொண்ணு பட்டியல்ல அம்மா பேரைத் தேடிக்கிட்டு நின்னிருக்கா. நான் அவ கண் முன்னால துடைக்கச் சொல்லியிருக்கேன். கடவுளே. பட்டுப் புடவையைச் செருகிக்கிட்டு குனிஞ்சாளே.

வீட்டில் கணவர் ரகுராமிடம் சொன்னேன். "ஒரு வார்த்தைதானே வித்யா, யாருக்கு வேணா நடக்கும், விடு" என்றார். கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, "உங்களுக்கு எல்லாமே விடுதான்" என்று கத்தினேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு. சமாதானம்தான் சொன்னார்.

3 செப்டம்பர், புதன்

காலையில் ஃபிராங்க்ளின் சாரிடம் நான்கு வாக்கியம் கன்னடத்தில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தேன். மதியம் ஹாஸ்டல் பிளாக் பின்புறம் போனேன். சரளா மாப்புகளை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வாக்கியத்தையும் ஒப்பித்தேன். எங்கள் தமிழில் அந்த வார்த்தைக்கு நேரம் என்றுதான் பொருள், நீங்கள் யோசிக்க நேரம் கேட்டதாக நினைத்தேன், தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்.

"ஹோக்லி பிடி மேடம்" என்றாள். போகட்டும் விடுங்கள். முகம் போகட்டும் என்று சொல்லவில்லை. இன்னொரு மாப்பை உதறி மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மாத்து தப்பாய்து, சரி. காபி?"

வார்த்தை தப்பாகிவிட்டது, சரி. காபி?

என்னிடம் நான்கு வாக்கியம்தான் இருந்தது. ஐந்தாவது எந்த மொழியிலும் இல்லை. நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

4 செப்டம்பர், வியாழன்

வார்த்தை மேல் பழியைப் போட்டுவிட்டால் சுலபம். ஆனால் அவள் யோசிக்க நேரம் கேட்டதாகவே இருக்கட்டும். வியாழக்கிழமை வந்ததே, நான் ஏன் போய்க் கேட்கவில்லை? பேராசிரியருக்கு இரண்டு தடவை போன் போட்டவள், பத்தடி தள்ளி நிற்கிறவளிடம் ஒரு தடவை கேட்டேனா? கூச்சமாக இருக்கும் என்று நானே எழுதி நானே முடித்துவிட்டேன். இதில் கன்னடம் எங்கே வந்தது?

இந்த நோட்டையே முதலிலிருந்து புரட்டினேன். ஷ்ரேயா மேடம் துடைத்துக்கொண்டார். கோவிந்தப்பா சார் சொன்னார். ஃபிராங்க்ளின் சார் சிரித்தார். சரளா மட்டும் வந்தாள், சிரித்தாள், துடைத்தாள். நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து எழுதிய பக்கத்தில்கூட 'மாட்டினாள்' என்றுதான் இருக்கிறது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஷ்ரேயா மேடம் என்னைவிட இளையவர்.

அவரிடம் கன்னடத்தில் பேசும்போது மட்டும் கொடி, தகொள்ளி, ஒரெசி என்று மரியாதையாகத்தான் பேசியிருக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த கன்னடம் அது ஒன்றுதான். என் கன்னடம் என் தமிழைவிட ஒழுங்காக இருந்திருக்கிறது.

அப்புறம் அந்தச் செய்தி. ஆயிரமாவது துண்டு 'கிடைத்தது' என்று எழுதினேன். தானாக நடந்து வந்து கிடைத்ததா?

8 செப்டம்பர், திங்கள்

செய்தித் தாளில் ஒரு திருத்தம் போட ஷ்ரேயா மேடத்திடம் அனுமதி கேட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "முதலில் அவங்களைக் கேளுங்க வித்யா. அவங்க பெயர், அவங்க சரின்னா போடலாம்" என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை. இளையவர் என்று எழுதினேனே, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுபடி ஹாஸ்டல் பிளாக். எழுதியதைப் படித்துக் காட்டினேன். கன்னடப் பகுதியை ஃபிராங்க்ளின் சார் எழுதித் தந்திருந்தார்.

"திருத்தம். சென்ற இதழில் ஜிக்சா துண்டு கிடைத்தது என்று எழுதியிருந்தோம். அதைத் தேடிக் கண்டெடுத்தவர் சரளா. ஆகஸ்ட் 22 மனிதப் புத்தக நாளில் பங்கேற்க அவர் முறையாகக் கேட்டும், பெயர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. தவறு என்னுடையது. வித்யாலட்சுமி, உதவி நூலகர்."

காபி இதில் இல்லை. காபிக்கு எப்படித் திருத்தம் போடுவது?

சரளா இடுப்பில் கையை வைத்துக் கேட்டார். "லிஃப்டல்லி ஹாக்தீரா?" லிஃப்டில் போடுவீர்களா?

போடுவோம் என்றேன்.

"கன்னடதல்லூ?"

கன்னடத்திலும். மேலே பெரிய எழுத்தில்.

சரி என்று தலையசைத்தார். படிவத்தையும் கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

10 செப்டம்பர், புதன்

ஒட்டியாகிவிட்டது. லிஃப்டில் இரண்டு மாணவர்கள் படித்துவிட்டு, "யார் இந்த வித்யாலட்சுமி?" என்று பேசிக்கொண்டார்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனேன்.

படிவம் வரவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

கடைசி நாள். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிந்தப்பா சார், "யாருக்கும்மா காத்திருக்க, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

நாலரைக்கு லாவண்யா வந்தாள். தனியாக. மேஜை மேல் படிவத்தை வைத்தாள். அம்மாவின் கையெழுத்து, உருண்டையான கன்னடம். தலைப்பு: 'பிட்டு ஹோதத்து'. சூத்திரம் வேண்டாம் என்று லாவண்யாவிடமே பொருள் கேட்டேன். விட்டுவிட்டுப் போனவை.

நல்ல தலைப்பு என்றேன். அவள் போகத் திரும்பி, நின்று, கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமுமாகச் சொன்னாள். "உங்க சாரிக்காக வரல மேடம். அம்மாக்கு சொல்றதுக்கு இருக்கு, அதுக்காக வர்றாங்க."

பதினேழு வயசு. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சரிம்மா என்றேன்.

அவள் போனதும் பட்டியலில் முதல் வரியில் பெயரை எழுதினேன். இரண்டு தடவை எழுத்துச் சரிபார்த்தேன், ஆறு எழுத்து இருப்பதுபோல. மூன்றுதான்.

19 செப்டம்பர், வெள்ளி

மதியத்திலிருந்து மழை. மூன்று மணிக்குள் வாசல் முழுக்கச் சேற்றுக் கால். ரத்தினம்மாள் இரண்டாவது மாடியில் ஜன்னல் ஒழுகல் பார்க்கப் போயிருந்தார். ஷ்ரேயா மேடம் என்னைப் பார்த்தார். நான் போய் மாப்பை எடுத்து வந்தேன்.

சரளா அப்போதுதான் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாம்பழப் பட்டு. எதிரே மேஜையில் ஐஸ்கிரீம் டப்பா திறந்திருந்தது. மகள் பக்கத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் மாப்பைப் போட்டு இழுக்க இழுக்கச் சேறு பரவியதே தவிரப் போகவில்லை. நாற்காலியிலிருந்து அசையாமல் சரளா குரல் கொடுத்தார்.

"மேடம், ஹிண்டி."

ஹிந்தியா? இப்போது எதற்கு ஹிந்தி? விழித்தேன்.

"மாப் ஹிண்டி மேடம், ஹிண்டி!" இரண்டு கையாலும் பிழிந்து காட்டினார். கவுன்ட்டரில் ஃபிராங்க்ளின் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லாவண்யாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். பிழிந்தேன். அழுக்குத் தண்ணீர் அரை வாளி வந்தது. அதன்பிறகு தரை துடைபட்டது. முட்டி இப்போதும் வலிக்கிறது.

சரளாவுக்கு ஐந்து முறை ஒதுக்கியிருந்தோம், இருபது இருபது நிமிஷம். ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க சீனியர்" என்று கத்தியது எனக்கு வாசலில் கேட்டது. பாதிக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லையாம். எந்த அலமாரி என்று மட்டும் சொன்னாராம். கோவிந்தப்பா சார்கூட வரிசையில் நின்று ஒரு முறை எடுத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு வாளியை வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். நானும் இரவல் எடுக்கலாமா என்று கன்னடத்தில் கேட்டேன். அவகாஷ இருக்கிறதா?

சரளா தன் முன்னால் இருந்த இரவல் தாளை எடுத்தார். ஐந்து வரியிலும் விரலை வைத்து மெதுவாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தமிழில், அந்த 'ம்' மேல் நன்றாக அழுத்தி:

"அவகாசம் இல்ல மேடம்."

நேரம் இல்லையா, வாய்ப்பு இல்லையா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் சரிதான். சரளாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா என்று அடித்துச் சொல்ல முடியாது.

லாவண்யா அடுத்த முறைக்கான அக்டோபர் இரவல் தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள். ஏற்கெனவே மூன்று பெயர் இருந்தது. நான்காவதாக என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.